மறு: இன்க்ளூஷன் – 'உள்ளடக்கம்' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இழை ரொம்பவே நீண்டுவிட்டது. எல்லா மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏற்கெனவே யாராவது சொன்னதைத் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நடத்தை நெறியைத் தமிழாக்க ஐயா முதல் மடலில் கேட்டது மூன்று சொற்கள்: டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன். முதலாவதற்கு இத்தனை மடல் தேவையே இல்லை. 'பல்வகைமை' போதும். உயிரினப் பல்வகைமை என்று பாடநூல் வரை போய்ச் சேர்ந்த சொல் அது. 'பன்முகத்தன்மை' என்றால் ஒரே ஆளுக்குப் பல முகம் என்றும் பொருள்படும், பன்முகக் கலைஞர் என்கிறோமே. 'பன்மை' கேட்க அழகுதான். ஆனால் மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஒருமை, பன்மைச் சரங்களோடு (திரையில் தெரியும் வாசகங்களோடு) நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற கூட்டம் நாம், நமக்கே அது குழம்பும். இதை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமாக மடங்கவில்லை.

> 'உள்ளடக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உள்ளடக்கிய வளர்ச்சி,
> உள்ளடக்கிய கல்வி என்று நாளிதழ்களே எழுதுகின்றன. ஓடுகிற வண்டியை
> ஏன் நிறுத்த வேண்டும்?

புழக்கம் பெரிய வாதம், மறுக்கவில்லை. ஆனால் நம் வேலையில் 'உள்ளடக்கம்' என்றால் கன்டென்ட். 'உள்ளடக்கக் குழு' என்று நடத்தை நெறி வரைவில் ஓரிடத்தில் இருக்கிறது, பார்த்தீர்களா? கட்டுரைகளைச் சரிபார்க்கும் குழுவா, விடுபட்டவர்களைச் சேர்க்கும் குழுவா? எழுதியவரிடமே கேட்டேன். அவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் அந்த 'அடக்கு'. போன இணையச் சந்திப்பில் வரைவை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "பார்வை மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்கும் குழுவாக இருப்போம்" என்ற வரி வந்தது. திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிற நண்பர் ஒருவர் ஒலிவாங்கியைத் திறந்து, "உள்ளே விடுறது சரிங்க, அப்புறம் எதுக்கு அடக்குறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னது வேறு விஷயம். அவர் நம் குழுவில் சேர முயன்று இரண்டு மாதம் சேர முடியவில்லையாம். பதிவுப் பக்கத்தில் நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிட வேண்டிய படப்புதிர் இருக்கிறது, அதற்கு ஒலி வடிவம் கிடையாது. அந்தப் புதிருக்கு நேர் மேலே இருக்கும் வரவேற்பு வாசகத்தைத் திரைவாசிப்பான் தெளிவாகப் படித்துக் காட்டியிருக்கிறது: "எங்கள் குழு அனைவரையும் உள்ளடக்கியது." கடைசியில் வேறொருவர் கண்ணால் பார்த்துச் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறார்.

ஒரு விதத்தில் ஆங்கிலச் சொல்லும் யோக்கியம் இல்லை. அதன் இலத்தீன் வேர், மூடுதல் என்னும் பொருளுடையது. உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதுதான் ஆதிப் பொருள். நாம் அந்தக் கதவையும் சேர்த்தே விசுவாசமாக மொழிபெயர்த்திருக்கிறோம்!

> அப்படியென்றால் 'அரவணைப்பு'? 'சேர்த்தல்'? 'உள்ளீர்ப்பு'?

இவை மூன்றுக்கும் ஒரே குறை. தமிழில் தன்வினை, பிறவினை ஒரு மெய்யெழுத்தில் மாறிவிடும்: சேர்தல், சேர்த்தல், அடங்குதல், அடக்குதல். சேர்த்தல் என்றதும் சேர்க்கிறவர் ஒருவர், சேர்க்கப்படுகிறவர் ஒருவர் என்று ஆள் பிரிந்துவிடுகிறது. 'அரவணைப்பு' இன்னும் மோசம், அணைக்கிற கை யாருடையது என்பதும் தெரிந்துவிடும். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான், ஆனாலும் காதில் விழுகிறவருக்கு அது உபகாரம்.

நான் முன்வைக்கும் சொல் 'உளப்பாடு'. புதிதாக ஆக்கியது இல்லை, இலக்கணத்திலிருந்து எடுத்தது. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. இதில் கேட்பவரைச் சேர்த்துப் பேசுவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பள்ளியில் படித்திருப்போம். மதிப்பெண் வாங்கியதும் மறந்திருப்போம், அது வேறு. நன்னூல் இந்த வேறுபாட்டை வினைமுற்றிலேயே காட்டுகிறது: அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரையும் 'தன்னொடு படுக்கும்'. இன்றைக்கு 'செய்வோம்' இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால், வேறுபாடு 'நாம்', 'நாங்கள்' என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் தங்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு இந்த வசதியே இல்லை. அவர்களின் 'வீ' யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்று வாக்கியத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நாமோ வாயைத் திறந்தாலே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இது வெறும் அழகுக்காகச் சொல்வது இல்லை. நம் நடத்தை நெறி, கோரலைன் அடா எம்கே 2014இல் எழுதிய 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற உறுதிமொழியைத் தழுவியது. அதன் இரண்டாம் பதிப்பில் திறந்த, வரவேற்கும், பல்வகையான, இன்க்ளூசிவ், நலமான சமூகம் என்று ஐந்து அடைமொழிகள் வரிசையாக வரும். நாம் அந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகச் சண்டை போடுகிறோம். உறுதிமொழியே 'வீ' என்றுதான் தொடங்குகிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. வரைவில் "உறுப்பினர்களும் பங்களிப்பாளர்களும் தலைவர்களுமாகிய நாங்கள்" என்று இருக்கிறது. படித்துக்கொண்டிருப்பவரும் உறுப்பினர்தானே? முதல் வரியிலேயே அவரை வாசலில் நிறுத்திவிட்டு, ஐந்தாவது வரியில் இன்க்ளூசிவ் என்பதற்கு எவ்வளவு நல்ல சொல் போட்டாலும் என்ன பயன்?

'எங்கள் குழு' என்று தொடங்கும் அந்த வரவேற்பு வாசகத்துக்கும் இதே கதி.

> உளப்பாடு என்றால் ஏதோ மனநலப் பிரச்சினை போல இருக்கிறது. உளம், உளவியல்,
> உளைச்சல் எல்லாம் பக்கத்திலேயே நிற்கின்றன. பேசாமல் 'உட்படுத்தல்' என்று
> போடலாமே? 'உட்பட' எல்லாருக்கும் தெரியும்.

தனி மடலில் இதைக் கேட்ட அக்காவின் அனுமதியோடு இங்கே ஒட்டியிருக்கிறேன். நியாயமான கேள்வி, எனக்கும் இது உறுத்துகிறது. 'உட்பட' நல்ல சொல், தினமும் வாயில் வருவது. ஆனால் அதைப் பிறவினையாக்கி 'உட்படுத்தல்' என்றதும் நினைவுக்கு வருவது என்ன? சோதனைக்கு உட்படுத்தினார்கள், விசாரணைக்கு உட்படுத்தினார்கள். யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடம் இல்லை. உளப்பாட்டுக்கு அந்த வரலாறு கிடையாது. உளம் என்று மயங்குவது முதல் நாலு தடவை இருக்கும், வரையறையோடு சேர்த்துப் பார்த்தால் போய்விடும் என்று நம்புகிறேன். போகாவிட்டால் தலைப்பில் மட்டும் 'உளப்பாடு' வைத்துக்கொண்டு, உள்ளே வாக்கியங்களில் 'எல்லாரும் உட்பட', 'ஒருவரும் விடுபடாமல்' என்று எழுதிவிடலாம். உண்மையில் பாதி இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டியதில்லை. ஆங்கிலம் பெயர்ச்சொல்லாகத் தருவதையெல்லாம் நாமும் பெயர்ச்சொல்லாகவே வாங்கிக்கொள்வது ஒரு பழக்கதோஷம்.

சரி, ஈக்விட்டி.

பங்குச் சந்தை ஈக்விட்டியை ஒதுக்கிவிடுவோம், அதற்குப் 'பங்கு' இருக்கிறது. அவரவர் நிலைக்கேற்ப நியாயம் செய்வது என்கிற நம் ஈக்விட்டிக்கு வந்த பரிந்துரைகள்: சமத்துவம், சமநீதி, நடுவுநிலைமை, ஒப்புரவு. 'சமத்துவம்' ஈக்வாலிட்டிக்குப் போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. 'ஒப்புரவு' எனக்கும் பிடித்த சொல், ஆனால் குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வது, கிறித்தவ வழக்கில் பகை நீங்கி இணைவது. மூன்றாவதாக ஒரு சுமையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

வேலிக்கு வெளியே மூன்று பேர் பெட்டிகள் மேல் ஏறி ஆட்டம் பார்க்கும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் குட்டையானவருக்கு எட்டாது, நெட்டையானவருடையதையும் அவருக்குக் கொடுத்தால் மூவரும் பார்க்கலாம். 2012இல் கிரெய்க் ஃப்ரோலே அதை முதலில் வெளியிட்டபோது இரண்டு பாதியிலும் 'ஈக்வாலிட்டி' என்ற சொல்தான் இருந்தது, இரு தரப்பார் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்ட. 'ஈக்விட்டி' பிற்பாடு மற்றவர்கள் மாற்றி ஒட்டியது. ஆங்கிலத்துக்கே இரண்டையும் பிரித்துக் காட்ட இவ்வளவு பாடு.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அரிஸ்டாட்டில் சொல்லும் உவமை. லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தாலான அளவுகோல் வைத்திருப்பார்களாம். கல் எப்படி வளைகிறதோ அப்படிக் கோலும் வளைந்து கொடுக்கும். பொதுவான சட்டம் பொருந்தாத இடத்தில் அதைத் திருத்தி வழங்கும் நீதி அந்தக் கோலைப் போன்றது என்கிறார். இதைத் தமிழில் அப்படியே சொல்லிப் பாருங்கள், விபரீதமாகிவிடும்! நமக்கு நீதி என்றால் நேர், செம்மை, செங்கோல். வளைந்தால் கொடுங்கோல். குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திலும் 'கோடாமை', அதாவது வளையாமைதான் சிறப்பு. வளைந்து கொடுக்கிற நீதி என்றால் நம் காதில் லஞ்சம் வாங்கிய நீதி என்றுதான் விழும். இந்த இழையிலேயே ஒருவர் "ஈக்விட்டி என்றால் பாரபட்சம்தானே?" என்று கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நம் சொற்கள் அப்படிப் பழக்கியிருக்கின்றன.

வழி அதே அதிகாரத்தில்தான் கிடைத்தது: "சமன்செய்து சீர்தூக்கும் கோல்". இங்கே கோல் என்பது தராசு. முதலில் தான் சமனாக நின்று, பிறகு தன்மேல் வைத்த பாரத்தை எடை காட்டுகிற கோல் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. தட்டுகளில் ஒன்று ஏற்கெனவே தாழ்ந்திருந்தால், எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் எடை தப்புதான். எடைக்கல் மாறவில்லை, கோலும் கோணவில்லை, தட்டைச் சரிசெய்த பிறகே நிறுக்கிறோம். இதைப் பாரபட்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே 'சமன்செய்தல்'. 'சமன்பாடு' கணக்கில் மாட்டிக்கொண்டது, 'சமன்மை' என்றால் மறுபடி ஈக்வாலிட்டியாகிவிடும். 'செய்தல்' இருப்பதால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

உரைத்துப் பார்க்க ஒரு வாக்கியம். ஐநா 2015இல் ஏற்ற வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, தரமான கல்வியை 'இன்க்ளூசிவ்' என்றும் 'ஈக்விட்டபிள்' என்றும் அடுத்தடுத்து அழைக்கிறது. "ஒருவரும் விடுபடாத, ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் தரமான கல்வி" என்று எழுதிப் பார்த்தேன். பரவாயில்லை என்றே தோன்றுகிறது. 'உள்ளடக்கிய, சமத்துவமான கல்வி' என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடிக்க வருபவர்கள் வரலாம்.

அன்புடன்,
செ.

——

செ. அவர்களுக்கு,

'சமன்செய்தல்' எனக்குச் சம்மதம். 'உளப்பாடு' இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒரு திருத்தம். 'எங்கள்' வருகிற இடத்திலெல்லாம் 'நம்' என்று போட்டுவிட முடியாது. புதிதாக வருகிறவரைப் பார்த்து "நாம் உங்களை வரவேற்கிறோம்" என்றால் இலக்கணம் இடிக்கிறது, பழைய அரசர் பேசுவது போலவும் இருக்கிறது. அதோடு, இன்னும் சேராத ஒருவரிடம் எடுத்த எடுப்பில் 'நம் குழு' என்பதும் ஒருவகை அதிகாரம்தான். சேருவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு உண்டு.

– க.

——

ஐயா,

அதை நான் யோசிக்கவில்லை, சரியாகப் பிடித்தீர்கள். 'உங்களை' வருகிற வரைக்கும் 'நாங்கள்' போகாது.

நேற்று உட்கார்ந்து வரவேற்புப் பக்கம், பதிவுப் பக்கம், நடத்தை நெறி மூன்றையும் எண்ணினேன். 'எங்கள்', 'நாங்கள்' மொத்தம் பதினொரு இடம். உறுதிமொழியையும் சேர்த்து ஏழில் 'நம்', 'நாம்' போட்டுவிட்டேன், அவை சேர்ந்த பிறகு படிக்கிற வரிகள். மூன்றில் 'உங்களை' இருப்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். மிச்சம் ஒன்று, "எங்கள் குழு அனைவரையும் உள்ளடக்கியது". அதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல் வரியையே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போதைக்கு, "பதிவு செய்வதில் சிக்கல் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், படப்புதிர் இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம்" என்று இருக்கிறது. 'சேர்த்துக்கொள்கிறோம்' பிறவினைதான், தெரியும்.

புதிருக்கு ஒலி வடிவம் சேர்க்கும் வேலை வழுப்பட்டியலில் (சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) போட்டாயிற்று. யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா?

– செ.