நாய் வளர்த்தால் பிள்ளைக்கு என்ன வரும்? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டு அம்மா:
என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பக்கத்துத் தெருவில் ஒரு நாட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதில் கறுப்புக் குட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வீட்டுக்காரருக்குத் தக்காளி மண்டியில் வேலை. விடியுமுன் போனால் மதியம்தான் வருவார். மாமியாருக்கு நாய் என்றாலே ஆகாது. "நாய் வளர்த்தால் பையனுக்குப் பொறுப்பு வரும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். சோறு வைக்கவும் தண்ணீர் வைக்கவும் கோழி வளர்த்தால்கூடக் கற்றுக்கொள்வானே? நாயோடு இருந்து நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

அஞ்செட்டி ராகிக்காடு:
தங்கச்சி, எங்களுக்குக் காட்டை ஒட்டின நிலம். ராகி கதிர் முற்றும் சமயத்தில் பன்றியும் வரும், யானையும் வரும். பரண் கட்டி ராத்திரி காவல் இருப்போம். நாய் இல்லாமல் அந்தக் காவல் ஆகாது.

எங்கள் பழைய பெண் நாய், செவலை, பன்றி வந்தால் வரப்பில் நின்று விடாமல் குரைக்கும். யானை வாசம் பட்டால் குரைப்பு வராது. வால் இறங்கிவிடும், முதுகு மயிர் சிலிர்க்கும், தொண்டைக்குள் ஒரு உறுமல் மட்டும் கேட்கும். பரண் காலடியில் வந்து உடம்பை அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் காட்டோரம் கிளை முறிகிற சத்தம் கேட்கும். அதற்குள் நாங்கள் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குப் போன் போட்டிருப்போம்.

அதே காலத்தில் ஒரு இளம் நாயும் எங்களிடம் இருந்தது. பயமே தெரியாது என்று எல்லாரும் மெச்சிய நாய். யானையைக் கண்டால் பாய்ந்து போய்க் குரைக்கும். யானை திரும்பித் துரத்தினால் அது எங்கே ஓடும்? நேராக நம்மிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். காட்டுப் பாதையில் நாயைக் கூட்டிப் போகாதீர்கள் என்று வனத்துறைக்காரர்கள் சொல்வது இதனால்தான். அந்த நாயை அப்புறம் ராத்திரியில் வீட்டிலேயே கட்டிவிட்டோம். நல்ல நாய்தான், ஆனால் காவலுக்கு ஆகாது.

செவலையிடம் நான் கற்றது இதுதான்: பயம் வந்தால் ஒளிக்காமல் நம்பினவரிடம் வந்து காட்ட வேண்டும். எங்கள் பக்கம் ஆம்பிளைகள் கடன் கழுத்தை நெரிக்கிற வரைக்கும் வீட்டில் வாய் திறக்க மாட்டார்கள். நானும் அப்படி வளர்க்கப்பட்டவன்தான். இப்போது ஒன்று மனதை அரித்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரி செவிலி:
அண்ணன் சொன்னதை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நாய்க்கடி என்று வருகிற பிள்ளைகளில் சிலர் நாலைந்து நாள் கழித்து வருவார்கள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டால், "அம்மா அடிக்கும்" என்பார்கள். எனக்கு வயிறு கலங்கிவிடும். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதற்கு முன்பே ஊசி போட்டுவிட்டால் வராமலே தடுக்கலாம்.

அதனால் தங்கச்சி, குட்டி வருகிற அன்றே பையனிடம் சொல்லிவிடுங்கள்: கடித்தாலும் கீறினாலும் என்னிடம் சொல், திட்ட மாட்டேன். சொன்ன பிறகு நிஜமாகவே திட்டக் கூடாது. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். கழுவினதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அடுத்த ஊசிக்கான தேதியை டாக்டர் எழுதிக் கொடுப்பார். வருஷா வருஷம் விடக் கூடாது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
குட்டியைச் சீக்கிரம் தூக்கி வந்துவிடாதீர்கள் அக்கா. எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருக்கட்டும். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது வீலென்று கத்தும், ஆட்டம் அதோடு நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி அங்கேதான் தெரிந்துகொள்கிறது. எங்கள் பெரியவனும் சின்னவனும் அடித்துக்கொள்ளும்போது நான் இதைத்தான் சொல்வேன்: அவன் கத்தினால் நீ நிறுத்து, யார் மேல் தப்பு என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அஞ்செட்டி அண்ணன் செவலையைப் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. மாடு கவரும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து, அது இரண்டு கள்ளரைக் கடித்து அவனைக் காத்து நின்றதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தக் கல்லைப் பையனை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பாலக்கோட்டு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ஊசி தவறாமல் போடுவதானால் வாசல் திண்ணை வரைக்கும் சம்மதம் என்றார்கள். குட்டிக்கு ஐந்து வாரம்தான் ஆகிறதாம். அதனால் இன்னும் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். தினமும் பள்ளி விட்டதும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அண்ணா, வந்ததும் களி கொடுக்கலாமா?

அஞ்செட்டி ராகிக்காடு:
கொடுக்கலாம்மா. முதலில் அங்கே என்ன தின்று பழகியதோ அதையே வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் களியைக் கரைத்துச் சேருங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். முட்டையும் சேர்த்தால் நல்லது. சின்ன வயிறு, நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். குழம்பு ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.