கீழாநெல்லி நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோய்க்குக் கேட்குமா?

கேள்வி:
எட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, என் அப்பத்தா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியமும் இருந்தேன். மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் தெளிந்தது. இப்போது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்னும் ஈரல் வைரஸ் நோய்க்கு ஆறு மாதமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டு வரும் என் சித்தப்பா, "உனக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்காதா?" என்று மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். அப்பத்தாவின் வைத்தியத்தைப் பொய்யென்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவுக்கு என்ன விளக்கம் சொல்வது?

மறுமொழி (மருந்தியல் ஆசிரியர்):
காமாலை என்பது அறிகுறி. அதன் காரணங்கள் பல. உங்களுக்கு வந்தது வேறொரு வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ என்றால், அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே நீங்கள் குணமானதை வைத்து மூலிகை வேலை செய்தது என்றோ செய்யவில்லை என்றோ சொல்ல இயலாது.

ஆனால் கீழாநெல்லியை அறிவியல் உலகம் பார்க்காமலே ஒதுக்கிவிடவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முப்பது நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் தொற்று இருப்பதைக் காட்டும், வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை. ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்ற 23 பேரில் அது ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அந்த எண்களைப் படித்த எவருக்கும் நம்பிக்கை பிறந்திருக்கும், எனக்கும் பிறந்தது. வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

மறுமொழி (சித்த மருத்துவர்):
கீழாநெல்லியை நானும் கொடுப்பவன்தான். செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் ஆகியவை மாறினால் பலனும் மாறலாம் என்ற கேள்வி இன்னும் ஆராயத்தக்கது. ஆனால் அதை உங்கள் சித்தப்பாவின் ஈரலில் வைத்து ஆராயக் கூடாது. சீனாவின் தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்று ஒரு மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைக் கவனித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்து, மலேரியாவுக்கு ஆர்டெமிசினினைக் கண்டடைந்தார். வழி காட்டியது பழைய நூல் என்றாலும், விலங்குகளிலும் மனிதரிலும் சோதித்த பிறகே அது மருந்தாயிற்று. டெனோஃபோவிர் சாப்பிடுபவர்கள் என்னிடம் வந்தால் அதை நிறுத்த வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன்; வேறு எந்தச் சூரணம் எடுத்தாலும் அதை ஈரல் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்பேன்.

மறுமொழி (அதே நோயுடன் வாழ்பவர்):
மாத்திரை வைரஸை அடக்கி வைக்கிறதே தவிர, பெரும்பாலும் வேரோடு அழிப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி ஈரல் கடுமையாக வீங்கலாம், செயலிழக்கவும் கூடும். கண்ணில் மஞ்சள் இல்லை என்பதை வைத்து முடிவெடுக்காமல், இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டவர்:
என் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்தேன். ஹெபடைட்டிஸ் ஏ என்றுதான் இருக்கிறது. அதைச் சித்தப்பாவின் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மாத்திரையைத் தொடர்வதாக ஒப்புக்கொண்டார். சித்திக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை.