பெட்டிங் கடையில் பெரிய தொகை வென்றால் உடனே கையில் தர வேண்டாமா?

குரொய்டன்_செல்வன்

மாமாவுக்கு 71 வயது. சனிக்கிழமை மட்டும் கட்டுவார், அதுவும் ஒரு பவுண் லக்கி 15. நாலு குதிரை, 15 பந்தயம், 15 பவுண். போன மாதம் நாலும் வந்துவிட்டன, நாலும் 8/1, அதாவது ஒரு பவுணுக்கு 8 பவுண் இலாபம், கட்டிய பவுணும் சேர்ந்து 9. மொத்தம் 9,999 பவுண். கடையில் 500 பவுணைக் கொடுத்து, மிச்சத்துக்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை பாஸ்போர்ட் கேட்டார்கள், கொண்டுபோனார். புதன்கிழமை விலாசத்துக்கு அத்தாட்சி. வெள்ளிக்கிழமை வங்கிக் கணக்கு விபரம். பதினோராம் நாள்தான் காசு வங்கிக்கு வந்தது.

15 பவுணை வாங்கும்போது பெயர்கூடக் கேட்கவில்லை. தோற்ற அத்தனை சனிக்கிழமையும் கேட்கவில்லை. வென்ற அன்று மட்டும் நீ யார், எங்கே இருக்கிறாய் என்றால் அது என்ன நியாயம்? காசை வாங்கிய கவுண்டரிலேயே எண்ணிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் கருத்து.

ஹரோ_முரளி

நியாயமான கோபம். ஒரு சின்னச் சந்தேகம்: 9 நாலு முறை பெருக்கினால் 6,561 தானே வரும்?

கவுண்டர்_அக்கா

6,561 நாலு குதிரையையும் சேர்த்த பந்தயத்துக்கு மட்டும் முரளி. லக்கி 15இல் தனித்தனிக் குதிரைக்கு நாலு சிங்கிள், இரண்டிரண்டாகச் சேர்த்த ஆறு டபுள், மூன்று மூன்றாகச் சேர்த்த நாலு ட்ரெபிள், அந்த நாலுமடி ஒன்று. 36, 486, 2,916, 6,561. கூட்டிப் பாருங்கள், 9,999. செல்வன் சொன்னது சரி.

ஆனால் மற்றதில் அவரோடு உடன்பட மாட்டேன். கிழக்கு லண்டனில் 12 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். பின்னேரங்களில் பல நாள் கடையில் நான் ஒருத்திதான். டிராயரில் சில நூறு பவுண் இருக்கும். பெட்டகத்துக்கு நேரப்பூட்டு, பொத்தானை அமுக்கினாலும் உடனே திறக்காது. கொள்ளையடிக்க வருபவன் அவ்வளவு நேரம் நிற்க மாட்டான் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கையில் காசு குறைவாக இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு. 10 ஆயிரம் பவுணை எண்ணி 71 வயது மனிதரின் கையில் கொடுத்து, இருட்டில் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பவும் எனக்கு மனம் வராது.

அப்புறம், பெரிய தொகை என்றால் பந்தயத் துண்டின் படம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். துண்டு எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது, ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, விலை சரியாக எழுதப்பட்டதா, விலகிய குதிரைக்காக ரூல் 4 கழிவு உண்டா என்று பார்ப்பார்கள். குதிரை ஓடத் தொடங்கிய பிறகு துண்டைத் தள்ளிவிடப் பார்ப்பவர்களை நானே பிடித்திருக்கிறேன்.

குரொய்டன்_செல்வன்

அக்கா, நேரத்தைப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். பாஸ்போர்ட் எதற்கு?

கவுண்டர்_அக்கா

கறுப்புக் காசுக்காக. கட்டுக்கட்டாக நோட்டைக் கடையிலுள்ள சூதாட்ட மெஷினில் போடுவான், கொஞ்சம் விளையாடுவான், மிச்சத்துக்கு டிக்கெட் எடுத்துக் கவுண்டருக்கு வருவான். போதைப்பொருள் விற்ற காசு "பெட்டிங்கில் வென்றது" ஆகிவிடும். அவனையும் உங்கள் மாமாவையும் முகத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஹரோ_முரளி

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சரியாகச் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகள் சூதாட்டத் துறையில் கேசினோக்களைத்தான் கட்டுப்படுத்துகின்றன. பெட்டிங் கடைகளை வெளியே விட்டுவிட்டார்கள். ஆகவே "சட்டம் பாஸ்போர்ட் கேட்கச் சொல்கிறது" என்று கவுண்டரில் சொன்னால் அது முழு உண்மை இல்லை. அது கம்பெனி தானே வகுத்துக்கொண்ட நடைமுறை.

கவுண்டர்_அக்கா

பாதிதான் சரி. 2002ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டம் எல்லோருக்கும் உண்டு, கவுண்டரில் நிற்கிற எனக்கும் உண்டு. சந்தேகம் வந்தால் மேலே சொல்ல வேண்டும், அவர்கள் தேசியக் குற்றத் தடுப்பு முகமைக்கு அறிக்கை அனுப்புவார்கள். காசைக் கொடுக்க அனுமதி கேட்டால் முகமைக்குப் பதில் சொல்ல 7 வேலை நாள் அவகாசம். மறுத்தால் மேலும் 31 நாள் நிற்கும். அப்படி அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அவர் கத்துவார், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

கேட்காமல் விட்டாலும் பிரச்சினைதான். 2022 ஆகஸ்டில் சூதாட்ட ஆணையம், பெட்டிங் கடைகள் நடத்தும் என்டைன் குழுமத்திடம் 1 கோடியே 70 லட்சம் பவுண் வாங்கியது. அதில் 30 லட்சம் கடைகளில் நடந்த தவறுகளுக்கு.

வெம்பிளி_ராசா

செல்வன் தம்பி பக்கம் நான். 1996 செப்டம்பர் 28, அஸ்கொட் மைதானத்தில் ஜாக்கி டெட்டோரி ஏழு ஓட்டத்திலும் வென்ற அன்று நான் கடைக்குள்தான் நின்றேன். கடைசிக் குதிரை ஃபுஜியாமா கிரெஸ்ட், காலையில் 12/1, ஓடும்போது 2/1. மோர்கம்ப் ஊர்த் தச்சர் ஒருவர் டெட்டோரியின் குதிரைகள் மீது சுமார் 67 பவுண் கட்டி 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் வென்றார். அந்தக் காலத்தில் 1845ஆம் ஆண்டுச் சட்டம்தான். பந்தயக் காசு கேட்டு நீதிமன்றம் போகவே முடியாது. கொடுக்க மாட்டேன் என்று பந்தயம் வாங்கிய புக்கி சொன்னால் ஒன்றும் செய்ய ஏலாது. ஆனாலும் கொடுத்தார்கள். சொல்லுக்காகக் கொடுத்தார்கள். கொழும்பில் புக்கிக் கடைகளில் இங்கிலாந்து ஓட்டங்களுக்குக் கட்டிய எங்கள் ஆட்களும் அந்த நம்பிக்கையில்தான் கட்டினார்கள். இப்போது சட்டம் கொடு என்கிறது, இவர்கள் ஒவ்வொரு கடுதாசியாகக் கேட்கிறார்கள்.

ஹரோ_முரளி

ராசா ஐயா சொல்வது உண்மை. 2007 செப்டம்பர் 1இல்தான் நிலைமை மாறியது. 2005 சூதாட்டச் சட்டத்தின் 335ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து, பந்தயமும் சாதாரண ஒப்பந்தம் ஆனது. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் லிங்கன்ஷயர்க்காரர் ஒருவர் பெட்ஃப்ரெட் என்ற பந்தயக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 2018 ஜனவரியில் ஆன்லைனில் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் 17 லட்சம் பவுண்டு வென்றார், மென்பொருள் கோளாறு என்று கம்பெனி மறுத்தது. 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவருக்குத் தீர்ப்பளித்தது. கம்பெனி காட்டிய விதிகள் தெளிவாகவும் இல்லை, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சொல்லப்படவும் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மூன்று வருடம் அந்த மனிதர் காத்திருந்தார்.

கவுண்டர்_அக்கா

அது ஆன்லைன். கடையில் விதிகள் சுவரில் தொங்குகின்றன.

வெம்பிளி_ராசா

பிள்ளை, அந்தச் சுவரை யார் வாசித்தார்கள்? 2008இல் யார்க்ஷயரின் தெர்ஸ்க் ஊர்க்காரர் ஒருவர் எட்டுக் குதிரைகளைச் சேர்த்து 50 பென்ஸ் கட்டினார், எட்டும் வென்றன. முதல் குதிரையின் பெயர் 'இஸன்ட் தட் லக்கி', கடைசிக் குதிரை 'எ ட்ரீம் கம் ட்ரூ'. கிடைத்தது 10 லட்சம் பவுண், அதற்கு மேல் இல்லை. கம்பெனியின் உச்சவரம்பு. கட்டுகிறபோது யாராவது வாயைத் திறந்து சொல்கிறார்களா?

கவுண்டர்_அக்கா

ஐயா, அதே கதையில் இன்னொன்றையும் பாருங்கள். அவர் வென்றதை யாரும் அவருக்குப் போன் பண்ணிச் சொல்லவில்லை. வேறொரு ஊர்க் கடைக்குள், தன் 60ஆவது பிறந்தநாளில், நடந்து போன பிறகுதான் அவருக்கே தெரியும். அவர் யார் என்று கடைக்குத் தெரியாது. பெயர் கேட்காமல் காசு வாங்குவது உங்களுக்கும் வேண்டும், அதற்காகத்தான் பலர் ஆன்லைனை விட்டுக் கடைக்கு வருகிறார்கள். பெயரில்லாமல் வாங்கிய பந்தயத்துக்குப் பெரிய தொகை கொடுக்கும்போது ஆள் யார் என்று ஒரு தடவை கேட்கத்தான் வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

குரொய்டன்_செல்வன்

சரி. கையில் எண்ணிக் கொடுக்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அக்கா தனியாக நிற்பதை நான் யோசிக்கவில்லை. ஆனால் "ஒரு தடவை" என்று நீங்களே சொன்னீர்கள். மாமாவை மூன்று தடவை அலைய வைத்தார்கள். மூன்று கடுதாசியையும் முதல் நாளே சொல்லியிருந்தால் திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொண்டுபோயிருப்பார். கள்ளனைப் போல உணர்ந்தேன் என்று வீட்டில் வந்து சொன்னார். அதை எந்தச் சட்டத்தில் தேடுவது?

ஹரோ_முரளி

ஆன்லைனில் அதற்கு விதி உண்டு செல்வன். 2019 மே மாதத்திலிருந்து, முன்பே கேட்டிருக்கக்கூடிய விவரத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாக வைக்கக் கூடாது. விளையாடுவதற்கு முன்பே ஆளைச் சரிபார்த்துவிட வேண்டும். கடைக்கு அந்த விதி இல்லை. பெரிய தொகைக்கு என்னென்ன கேட்பார்கள் என்பதை ஒரே பட்டியலாக முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கடைக்கும் விதி வேண்டும்.

கவுண்டர்_அக்கா

இதில் உங்கள் இருவரோடும் நிற்கிறேன். மாமாவை அப்படி அலைய வைத்தது பிழை. கவுண்டரில் நிற்பவருக்கே மேலிடம் ஒவ்வொன்றாகத்தான் சொல்கிறது, அதனால் நாங்களும் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். என் கடையில் நானே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: படமுள்ள அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள் வந்த பில், கட்டிய வங்கி அட்டை. வென்றவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்துவிடுவேன்.

மாமா முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பட்டும். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால் ஐபாஸ் என்ற பந்தயத் தீர்ப்புச் சேவைக்குப் போகலாம், அவரிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். காசு வந்துவிட்டதே என்று விட வேண்டாம். துண்டின் படம் இருக்கிறதா அவரிடம்?

குரொய்டன்_செல்வன்

இருக்கிறது அக்கா. வென்ற சந்தோசத்தில் கடைக்குள் நின்றே எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். முறைப்பாட்டை இன்றிரவு எழுதுகிறேன், அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.