மறு: இசைத்தட்டு ஊசி – ‘எழுத்தாணி’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் மொரீசியசின் ரோஸ் ஹில்லிலிருந்து வணக்கம்.

இசைத்தட்டின் தடத்தைத் தொட்டுச் செல்லும் ஊசியை ஆங்கிலத்தில் ஸ்டைலஸ் என்பார்கள். அதைத் தமிழில் ‘எழுத்தாணி’ எனலாம் என்று நம் குழுவில் நண்பர் முன்மொழிந்ததைப் படித்தேன். ஸ்டைலஸ் என்பதன் இலத்தீன் மூலச்சொல் மெழுகுப் பலகையில் எழுதும் கூர்ங்கோலைக் குறித்தது என்பதால், அவர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எழுத்தாணி ஓலையைக் கீறுவது. இசைத்தட்டு ஊசியோ, ஏற்கெனவே கீறிவைத்த தடத்தில் ஊர்ந்து செல்வது. அந்த அழகிய சொல்லை, ஒலிப்பதிவுக் கூடத்தில் மூலத்தட்டின்மேல் தடத்தை வெட்டும் கருவிக்கு ஒதுக்கிவைப்பதே முறை.

என் சங்கடம் வேறு. ‘ஊசி’ என்ற ஒற்றைச் சொல்லே இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் சுமக்கிறது. பழைய அரக்குத் தட்டுகளின் காலத்தில் அது வெறும் எஃகு ஊசிதான். அரக்கோடு கலந்திருந்த கல்மாவு அதை அராவித் தடத்துக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால், ஒரு பக்கம் பாடி முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். இன்றைய கருவியிலோ ஒரு சிறு பிளாஸ்டிக் பிடி, அதிலிருந்து நீளும் மெல்லிய அலுமினியக் குழல், அதன் நுனியில் மணல் துகளினும் சிறிய வைரம் என மூன்றும் சேர்ந்ததையே ஊசி என்கிறோம். எங்கள் தீவில் கிரியோலில் ‘ஜெக்வி’ என்பதும் ஊசியே. பிரெஞ்சுப் பேச்சில் கல்லின் பெயரையே இட்டு ‘சஃபிர்’ (நீலக்கல்) என்றும் ‘தியமான்’ (வைரம்) என்றும் சொல்வார்கள். எழுத்து வழக்கில் ‘வாசிப்பு முனை’ என்று பொருள்படும் தொடர் ஒன்றும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு நானே விலை கொடுத்தவன். தந்தையாரின் 78 சுற்றுத் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தப் பழைய அரக்குத் தட்டுகளை, கேட்பதற்காக ஒரு கடையில் ‘இந்தக் கருவிக்கு ஊசி’ என்று மட்டும் கேட்டு வாங்கினேன். பிடி கச்சிதமாகப் பொருந்தியது. பாட்டோ, எண்ணெயில் வடை பொரிவதுபோன்ற இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ ஒலித்தது. கடைக்காரர் கொடுத்தது 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுந்தட்டு (எல்.பி.) வகைக்குரியது. அதன் முனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 சுற்றுத் தட்டுக்குத் தேவை ஏறத்தாழ 75 மைக்ரான். பருத்த முனை தடத்தின் இரு சுவர்களிலும் தோள் சாய்த்து நிற்கும். மெல்லிய முனை அடியில் விழுந்து, அங்கே தங்கிய தூசியைப் பாடவைக்கும்.

ஆகவே தடத்துக்கு முதலில் பெயர் வைப்போம். உழவுசாலினை நினைத்து ‘சால்’ என்பேன்: 78 சுற்றுத் தட்டில் இருப்பது அகலச்சால், நெடுந்தட்டில் இருப்பது நுண்சால். சால் என்றால் நீர் இறைக்கும் பாத்திரமும் ஆகுமே என்று சிலர் கேட்கக்கூடும். கரும்புக் கொல்லைகளின் நடுவே வளர்ந்த எங்களுக்கு அந்த ஐயம் எழாது. சாலினைத் தொட்டுச் செல்லும் வைரத்துக்கு ‘வருடுமுனை’ எனலாம். ஸ்கேனருக்கு ‘வருடி’ ஏற்கெனவே வழங்குவதால் வினை புதிதன்று. குழலுக்கு ‘ஊசித்தண்டு’ போதும். கழற்றி மாற்றும் முழு உறுப்புக்கு ‘ஊசி’ என்ற பெயரே நிலைக்கட்டும். மக்கள் நாவிலிருந்து அதைப் பறிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இச்சொற்களைப் பழுது சொல்லும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன். “ஊசித்தண்டு வளைந்துவிட்டது” என்றால் கண்ணால் பார்த்தே சொல்லலாம். “வருடுமுனை தேய்ந்துவிட்டது” என்றால், 500 முதல் 1000 மணி நேரம் ஓடியபின் வைரத்தின் இரு பக்கமும் தட்டையாகி, அதன் விளிம்பு சாலின் சுவரைச் செதுக்கத் தொடங்கியிருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் அது தெரியாது. “ஊசியை மாற்று” என்பது, தட்டுக்கருவியின் கையைப் பூட்டிவிட்டு, பிடியை முன்பக்கமாக உருவி, புதியதைச் செருகுவது. ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் குறிகையாக மாற்றும் உறுப்பு கார்ட்ரிட்ஜ். அதில் காந்தம் அசையும் வகையில் ஊசி மாற்றம் வீட்டிலேயே நடக்கும். சுருள் அசையும் வகையில் பொதுவாக முழு கார்ட்ரிட்ஜையும் மாற்றவேண்டும்.

முனை தட்டின்மேல் அழுத்தும் அளவுக்கு, இன்றைய காந்த வகைகளில் பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் வரை வைக்கப்படுவதற்கு, ‘ஊசிப்பாரம்’ என்று எழுதிப் பழகியிருக்கிறேன். கார்ட்ரிட்ஜுக்கு எனக்கு இன்னும் மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘ஒலிப்பெட்டி’ என்பது ஸ்பீக்கரோடு குழம்பும். வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.