எஸ்410 கார்பைனா, கிளாசிக்கா, இல்ல பழைய எஸ்400 போதுமா? – வச்சிருந்தவங்க அனுபவம் சொல்லுங்க

கேள்வி

வணக்கம். இங்கிலாந்து வந்து மூணு வருஷம் ஆச்சு. ஆறு மாசமா பக்கத்து ஊர் கிளப்புல ஹண்டர் ஃபீல்டு டார்கெட் சுடறேன் (வெளியில வெவ்வேறு தூரத்துல வச்சிருக்கற உலோக டார்கெட்டுகளை ஏர் ரைபிளால சுடற போட்டி), இரவல் துப்பாக்கியில. இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கணும். ஏர் ஆர்ம்ஸ் கம்பெனியோட எஸ்410 ஏர் ரைபிள் ரெண்டு செகண்ட் ஹேண்டுல இருக்கு. ஒண்ணு கார்பைன் (குட்டை), ஒண்ணு கிளாசிக் (நீளம்), ரெண்டும் .177 அங்குலக் குழல். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். கார்பைன் கைக்கு அடக்கமா இருக்கு, மனசு அதுலயே நிக்குது. எடுக்கலாமா?

முதல் பதில்

தம்பி, உன்னை மாதிரியே அடக்கமா இருக்குன்னு கார்பைன் வாங்கினவன் நான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ரெண்டுக்கும் உள்ளே இயந்திரம் ஒண்ணுதான். கிளாசிக்குல குழலும் நீளம், அடியில இருக்கற காத்து சிலிண்டரும் நீளம். நீளக் குழல்னா வேகமா அடிக்கும்னு நினைச்சுடாதே. இங்க லைசென்ஸ் இல்லாம வச்சிருக்க, சுடற சக்திக்கு 12 அடி-பவுண்டுதான் உச்சவரம்பு, ரெண்டையும் அதுக்குக் கீழதான் செட் பண்ணியிருப்பாங்க. ஆனா குழல் நீளமா இருந்தா காத்து பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டை) கொஞ்சம் அதிக தூரம் தள்ளிட்டுப் போகும், அதே வேகத்துக்குக் குறைஞ்ச காத்து போதும். சிலிண்டரும் பெருசு. ஒரு தடவை அடைச்சா நிறைய ஷாட் வரும்.

இது எனக்குப் புரிஞ்சது 27வது டார்கெட்டுல. காலையில நல்லா அடைச்சுட்டு, சரிபார்க்க ஒரு பதினஞ்சு ஷாட் போட்டுட்டுத்தான் கோர்ஸுல இறங்கினேன். அதுவரைக்கும் நல்ல ஸ்கோர். ஈரப்புல்லுல குப்புறப் படுத்து, தூரம் நாப்பது கெஜம் இருக்கும்னு கணிச்சு, நிதானமா விட்டேன். 'டங்'னு தகட்டுல பட்டுச்சு, டார்கெட் விழலை. ஓட்டைக்கு நேர் கீழே சாம்பல் நிறத்துல ஒரு பொட்டு. ஓட்டைக்குள்ள போயிருந்தா டார்கெட் விழுந்து ரெண்டு பாயிண்ட், தகட்டுல பட்டதால ஒண்ணுதான். அடுத்ததும் அப்படியே. வீசற காத்து மேல, ஸ்கோப் மேல, எல்லாத்து மேலயும் பழியைப் போட்டேன். துப்பாக்கியைத் திருப்பி காத்தழுத்தம் காட்டற கேஜைப் பார்த்தா முள்ளு எங்கயோ கீழ கிடக்கு.

வீட்டுக்கு வந்து குரோனோகிராஃப்ல (பெல்லட் வேகத்தை அளக்கற கருவி) வச்சுப் பார்த்தேன். 8.44 கிரெய்ன் எடை பெல்லட். ஆரம்பத்துல வினாடிக்கு 765 அடி, நடுவுல 785, நாப்பது ஷாட் தாண்டினதும் 740க்கு இறங்கிடுச்சு. அந்தக் காலத்து மாடல்ல ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தத்தைச் சமமா வச்சுக்கற ரெகுலேட்டர் கிடையாது, அதனால வேகம் மலை மாதிரி ஏறி இறங்கும். இன்னொண்ணு, அழுத்தம் அதிகமா அடைச்சா அதிகமா சுடலாம்னு நானும் நினைச்சேன். அளவுக்கு மேல அடைச்சா வால்வே சரியாத் திறக்காது, முதல் ஷாட்டெல்லாம் மந்தமா வரும். உன் துப்பாக்கிக்கு எந்த அழுத்தத்துல இருந்து எது வரைக்கும் வேகம் நிலையா இருக்குன்னு நீயே அளந்து, ஒரு சீட்டுல எழுதி கேஸுக்குள்ள ஒட்டி வச்சுக்க. அந்தச் சீட்டு ஸ்கோப்பை விட முக்கியம்.

மேகசின் கதை வேற. 10 ஷாட் மேகசின்னதும் வாய் பிளந்து வாங்கினேன். பேச்சு சுவாரஸ்யத்துல, பெல்லட்டைக் குழலுக்குள்ள ஏத்தற போல்ட்டை ஒரு தடவை தள்ளினேன், மறந்துட்டு இழுத்து மறுபடி தள்ளினேன். ஒரு பெல்லட் பின்னாடி இன்னொண்ணு போய் உட்கார்ந்துடுச்சு. சுட்டப்போ 'பொத்'னு ஒரு சத்தம், பெல்லட் ரெண்டும் எங்க போச்சுன்னே தெரியலை. தப்பு என் மேலதான். ஆனா 30 டார்கெட்டுக்கு முப்பது ஷாட், அவசரமே இல்லாத போட்டியில மேகசின் எதுக்கு?

அதனால கார்பைனைக் குடுத்துட்டு எஸ்400 கிளாசிக் எடுத்தேன், ஒத்தை ஷாட். ஸ்கோப்பையும் தாழ்வா மாட்டலாம், மேல துருத்திட்டு நிக்க மேகசின் இல்லையே. முன்பாரம் கொஞ்சம் உண்டு, படுத்துச் சுடும்போது அது நல்லதுதான். கஷ்டம்னா ஜனவரி மாசம்தான். விரல் மரத்துப்போய் பெல்லட் காடியில தலைகீழா விழும், நகத்தால நோண்டி எடுக்கணும்.

பண்ணையில எலி, புறா சுடறவனா இருந்தா கார்பைனே எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன். வேலிக்குள்ள நுழையறப்ப, கார்ல ஏத்தி இறக்கறப்ப அதுதான் ராஜா. அதே கம்பெனியோட எஸ்510ல பக்கவாட்டு லிவர், ஸ்கோப்புல இருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த ஷாட் ஏத்தலாம். காசு இருந்தா அதையும் ஒரு தடவை கையில வாங்கிப் பாரு.

கிளாஸ்கோவிலிருந்து

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும்: துப்பாக்கியோட இந்தப் பக்கம் வந்துடாதீங்க. ஸ்காட்லாந்துல 2016 டிசம்பர் 31ல இருந்து ஏர் ரைபிளுக்கே சான்றிதழ் வேணும், வெளியில இருந்து வர்றவங்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு. நான் போலீஸுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்துதான் என்னோடதை வாங்கினேன்.

அப்புறம், துப்பாக்கிக்குக் காத்து அடைக்கற டைவிங் சிலிண்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அழுத்தச் சோதனை பண்ணலைன்னா டைவிங் கடைல காத்து அடைச்சுத் தரமாட்டாங்க. கைப்பம்பு போதும்னு இருந்தேன். ரெண்டே மாசத்துல முதுகு பதில் சொல்லிடுச்சு.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணே. எஸ்400 எங்கயும் கண்ணுல படலை, அதனால சனிக்கிழமை அந்த கிளாசிக்கைப் பார்க்கப் போறேன். போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

முதல் பதில் எழுதியவர்

இன்னைக்கே போன் போட்டு, காத்தை அடைச்சு கேஜைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. சனிக்கிழமை போனதும் அதே கேஜைப் பாரு. முள்ளு இறங்கியிருந்தா காத்து கசியுதுன்னு அர்த்தம், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாத்தற செலவை விலையில கழிச்சுக் கேளு. அப்புறம் குரோனோகிராஃப்ல பத்து ஷாட். சக்தி 12 அடி-பவுண்டைத் தாண்டுச்சுன்னா எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் தொடாதே. "இப்பதான் காத்து அடைச்சேன்"னு சிரிச்சுட்டே கையில குடுத்தார்னா கசிவு தெரியாது, ஒரு டீயைக் குடிச்சுட்டு வண்டியைத் திருப்பிடு.