கீத் ரீட் குழுவில் ஒருவரா, வெளியாளா?

இசைத்தட்டுக்காரன்:
இன்னொரு இழையில் ஆர்கன்பித்தன் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “கீத் ரீட் ஒரு வாத்தியமும் வாசித்ததில்லை, ஒரு வரியும் பாடியதில்லை. அவரைப் ப்ரோகோல் ஹாரம் குழுவின் உறுப்பினர் என்பது வெறும் மரியாதைப் பேச்சு.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1967 முதல் 1977-ல் அந்தப் பிரிட்டிஷ் ராக் குழு கலையும்வரை வந்த இசைத்தட்டுகளில் ஏறக்குறைய எல்லாச் சொந்தப் பாடல்களின் வரிகளும் அவருடையவை. வாத்தியக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். தொடக்கம்முதல் கடைசிவரை நின்றவர்கள் பாடகர் ப்ரூக்கரும் ரீடும்தான். இவர் வெளியாள் என்றால் உள்ளே இருந்தது யார்?

ஆர்கன்பித்தன்:
எழுதியதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை. மேடையில் அவர் என்ன வாசித்தார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இசைத்தட்டுக்காரன்:
உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். குழுவின் புகழ்பெற்ற பாடலான ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் பில் ஐடன். கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர். அவரைக் குழுவின் உறுப்பினர் என்று யாராவது சொல்கிறார்களா? அந்தப் பாடல் ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அதில் வாசித்த ஐடன் வெளியாள். அதை எழுதிய ரீடும் வெளியாளா? வாசிப்பதுதான் தகுதி என்றால் ஐடனுக்கு இடம் கொடுங்கள். இல்லையென்றால் அந்த வாதத்தைக் கைவிடுங்கள்.

ஆர்கன்பித்தன்:
ஐடன் மேடைக் கச்சேரிகளுக்கு வரவில்லை. நான் மேடையைப் பற்றிக் கேட்கிறேன். ரீட் மேடையில் என்ன வாசித்தார்?

கடலோடி:
இருவரும் ஒரே இடத்தில் நின்று முட்டிக்கொள்கிறீர்கள். ரீட் எங்கிருந்து வந்தார் என்று ஒருவரும் பேசவில்லையே. அவருடைய தந்தை வியன்னாவில் வழக்கறிஞர். 1938 நவம்பரில் ஆயிரக்கணக்கான யூதர்களோடு நாஜிகளிடம் கைதாகி, விடுதலையான பின் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். மகன் 1946-ல் பிறந்து, லண்டனின் கிழக்குப் பகுதியில் வளர்ந்து, பள்ளியைச் சீக்கிரமே விட்டவர். ‘எ சால்ட்டி டாக்’ பாடலின் கடலையும் சாவையும் கேட்கும்போது அந்த வீட்டின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். 1969-ல் 22 வயதுப் பையன் எழுதியது அது!

இசைத்தட்டுக்காரன்:
கடலோடி சொன்னது முக்கியம். ஆனாலும் அது என் கேள்விக்குப் பதில் அல்ல. 1966-ல் இசைத்தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் ரீடைக் கேரி ப்ரூக்கரிடம் அறிமுகப்படுத்தினார். ரீடிடம் வரிகள் இருந்தன, ப்ரூக்கரிடம் குரலும் பியானோவும் இருந்தன. அந்த வரிகளைப் பாடுவதற்காகத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். முதலில் வரிகள், பிறகு மெட்டு, அதற்குப் பிறகே குழு. பிறகு வந்து சேர்ந்தவர்கள் உறுப்பினர்கள், குழு பிறக்கவே காரணமாக இருந்தவர் வெளியாள்! இந்தக் கணக்கை யார் ஏற்றுக்கொண்டாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஆர்கன்பித்தன்:
அந்தப் பாடலை உலகம் நினைவில் வைத்திருப்பது வரிகளுக்காகவா? தொடக்கத்தில் ஒலிக்கும் ஆர்கனுக்காக. அது குழுவின் ஆர்கன்காரர் மேத்யூ ஃபிஷருடைய வாசிப்பு. வரிகளுக்குப் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர்? மாவரைப்பவன் கதை சொல்வதாக வரும் இடத்தைக்கூடப் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரிடமிருந்து எடுத்தார்.

இசைத்தட்டுக்காரன்:
சாசரின் அந்தக் கதையைப் படித்ததே இல்லை என்று ரீட் பேட்டியில் சொல்லியாயிற்று. எழுதியவர் சொன்ன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் என்ன பேசுவது? சென்ற மாதம் டிரம்ஸ் இழையிலும் இதே பிடிவாதம்தான். அன்று என்னை “புத்தகப் புழு” என்றீர்கள். மறக்கவில்லை.

ஆர்கன்பித்தன்:
அன்று சொன்னதை இன்றும் சொல்வேன். பேச்சை மாற்றாதீர்கள். ஃபிஷருக்கு அந்தப் பாடலின் இசையுரிமையில் 40 விழுக்காடு உண்டு என்று 2006-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் உறுதி செய்தது. நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட பங்கு அது.

வெள்ளி இரவு:
38 ஆண்டுகள் வாய்மூடி இருந்துவிட்டு 2005-ல் வழக்குப் போட்டவருக்காக இவ்வளவு பெருமையா? இடையில் 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணம் கிடையாது என்று சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த மெட்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சாயல் இருப்பது இசை கேட்கும் எவருக்கும் தெரியும்.

ஆர்கன்பித்தன்:
பாக்கை எத்தனையோ பேர் வாசித்தார்கள். அந்த எட்டுத் தாளக்கட்டுத் தொடக்கத்தை ஒருவர்தான் கட்டினார். தாமதமாகக் கேட்டால் உரிமை இல்லாமல் போய்விடுமா? பிரபுக்கள் சபை போகாது என்றது. நீங்கள் போகும் என்கிறீர்கள்.

இசைத்தட்டுக்காரன்:
வழக்கு ப்ரூக்கர் எழுதிய இசையைப் பற்றியது. ரீடின் வரிகளுக்கு அங்கே எதிர்வாதமே இல்லை. இப்போது உங்களுக்கே பிடித்த மேடைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு வரிகள் எழுதிய ராபர்ட் ஹண்டர் மேடையில் அவர்களோடு நின்று வாசிக்கும் உறுப்பினர் அல்லர். 1994-ல் ராக் இசைக்கான புகழரங்கமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அந்தக் குழுவைச் சேர்த்தபோது ஹண்டரையும் உறுப்பினராகவே சேர்த்தது. இங்கிலாந்தின் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டில் அதற்கு வரிகள் எழுதிய பீட்டர் சின்ஃபீல்டின் பெயர் வாசித்தவர்களின் பெயரோடுதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஏற்றார்கள், இங்கிலாந்தில் ஏற்றார்கள், ஆர்கன்பித்தன் மட்டும் ஏற்கவில்லை.

ஆர்கன்பித்தன்:
ஹண்டரைச் சேர்த்தது அந்த அமைப்பின் விருப்பம். ப்ரோகோல் ஹாரமை அவர்கள் இன்னும் சேர்க்கவே இல்லை, அதை ஏன் சொல்லவில்லை? மேலும் 2017-ல் வந்த ‘நோவம்’ இசைத்தட்டின் பெரும்பாலான வரிகள் பீட் பிரவுன் எழுதியவை. ரீட் இல்லாமலும் ப்ரோகோல் ஹாரம் ப்ரோகோல் ஹாரம்தான். கிதார்காரர் ட்ரோவர் போனபோதும் அப்படித்தான், ஃபிஷர் போனபோதும் அப்படித்தான்.

கடலோடி:
‘நோவம்’ கேட்டிருக்கிறீர்களா? பீட் பிரவுன் க்ரீம் குழுவுக்கு எழுதியவர், அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அதில் அந்த இருட்டு இல்லை. ப்ரூக்கரின் குரல் அப்படியே இருக்கிறது, பாடுவதற்கான பாரம் போய்விட்டது.

வெள்ளி இரவு:
அப்படிச் சொல்வது பிரவுனுக்குச் செய்யும் அநியாயம். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் உங்கள் காது ஒரே சுவையைக் கேட்கிறது.

கடலோடி:
பழக்கம் அல்ல. ‘நோவம்’ கேட்டுவிட்டு உடனே ‘எ சால்ட்டி டாக்’ கேளுங்கள். பிறகு பேசுவோம்.

இசைத்தட்டுக்காரன்:
ரீட் அவர்களோடு சுற்றுப்பயணங்களுக்கும் போனவர். 1971 நவம்பரில் கனடாவின் எட்மன்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவான ‘கான்கிஸ்டடோர்’ அமெரிக்காவில் வெற்றிபெற்றது. அதுவும் 1967-லேயே வெளிவந்த அவருடைய வரிகள். குழுவுக்கு வெளியே 1986-ல் ஜான் ஃபார்ன்ஹாம் பாடிய ‘யூ ஆர் தி வாய்ஸ்’ பாடலை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். ஆஸ்திரேலியா முழுவதும் பாடுகிற பாட்டு! இத்தனையும் எழுதியவரைக் குறைத்துப் பேசுவதில் என்ன லாபம்?

ஆர்கன்பித்தன்:
குறைத்துப் பேசவில்லை, நல்ல கவிஞர் என்று நூறு முறை சொல்வேன். நல்ல கவிஞர் வேறு, குழு உறுப்பினர் வேறு. மேடையில் என்ன வாசித்தார்?

இசைத்தட்டுக்காரன்:
பில் ஐடனுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளி இரவு:
ஐடனை விடுங்கள். குழுவின் அப்போதைய டிரம்மர் பாபி ஹாரிசனுக்குப் பதிலாக அன்று ஐடனை ஏன் கூப்பிட்டார்கள் என்று யாராவது சொல்லுங்கள். ஹாரிசனின் வாசிப்பில் என்ன குறை?

ஆர்கன்பித்தன்:
ஹாரிசனைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் டிரம்ஸ் இழையில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். நான் தயார்.