டெம்பெஸ்ட்டில் பிளகின் போட்டாச்சு, ஆனால் பட்டியலில் காணோம். யாராவது பாருங்களேன்

மூடுபனி (தலவாக்கலை)

வணக்கம். எங்கள் ஓபன்ஸ்டாக் கிளவுடைச் சோதிக்க டெம்பெஸ்ட் என்ற சோதனைத் தொகுப்பைப் போட்டிருக்கிறேன். நோவா (விஎம், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சேவை), கீஸ்டோன் (பயனர்களையும் உரிமைகளையும் பார்க்கும் சேவை) சோதனைகள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. இப்போது வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பகிரும் லோட் பேலன்சரையும் சோதிக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்கான ஓபன்ஸ்டாக் சேவை ஆக்டேவியா, அதன் சோதனைகள் ஆக்டேவியா டெம்பெஸ்ட் பிளகினில் இருக்கின்றன. அதை ஏற்றத்தான் மூன்று நாளாக மாரடிக்கிறேன்.

முதலில் கிட் க்ளோன் அடித்தேன். இங்கே டோங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் இரண்டு கோடு சிக்னல். மழை என்றால் அதுவும் இல்லை. இரண்டு தடவை பாதியில் அறுந்தது. சரி என்று ஜிப்பாக இறக்கிப் பிரித்து, பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் பிப்பில் இன்ஸ்டால் கொடுத்தேன். பதிப்பு எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எஸ்டிஸ்ட் கோப்போ (வெளியிடக் கட்டிய மூலப் பொதி) கிட் களஞ்சியமோ வேண்டும் என்று பேக்கேஜ் கட்ட உதவும் பிபிஆர் கத்தியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பும் படுத்துவிட்டது.

ராத்திரி கரண்ட் வந்ததும் பிபிஆர்_வெர்ஷன் மாறிக்கு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்து மறுபடி போட்டேன். ஒரு மணி நேரம் என்னென்னவோ இறங்கி, கடைசியில் ‘சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்ட்’ என்று வந்தது. ஆனால் ‘டெம்பெஸ்ட் லிஸ்ட்-பிளகின்ஸ்’ கொடுத்தால் வெறும் அட்டவணை. உபுண்டு 22.04, பைத்தான் 3.10. டேட்டாவும் முடியப் போகிறது.

கொத்மலைத் தண்ணி

சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு பிப் இன்ஸ்டால் கொடுங்கள். எனக்கு வேறொரு பேக்கேஜ் அப்படித்தான் சரிவந்தது.

ஊவாக் காற்று (பண்டாரவளை)

தயவுசெய்து சூடோ வேண்டாம். அது சிஸ்டம் பைத்தானில் போய் உட்காரும், அப்புறம் அதைக் கழற்றுவது தனி வேலை.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். டெம்பெஸ்ட்டை வென்வில் (தனிப் பைத்தான் சூழலில்) போட்டீர்களா? கரண்ட் வந்த பிறகு புதிதாகத் திறந்த டெர்மினலில் அந்த வென்வை ஆக்டிவேட் செய்தீர்களா? பிப் ஓடும்போது முதல் வரியில் ‘டிஃபால்டிங் டு யூசர் இன்ஸ்டலேஷன்’ என்று ஏதாவது வந்ததா?

மூடுபனி

ஐயோ அக்கா. அந்த வரி வந்தது. மஞ்சள் எழுத்து இல்லை, சிவப்பும் இல்லை, அதனால் கண்டுகொள்ளவில்லை.

டெம்பெஸ்ட் வென்வில்தான் இருக்கிறது. ஆனால் அதை நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகத்தான் ஓட்டுவேன். ஸ்கிரிப்டில் வென்வின் முழுப் பாதை எழுதியிருப்பதால் ஆக்டிவேட் செய்கிற பழக்கமே விட்டுப்போச்சு. லிஸ்ட்-பிளகின்ஸ் கொடுத்ததும் அதே ஸ்கிரிப்டில்தான்.

ஊவாக் காற்று

அப்போ விஷயம் முடிந்தது. பிளகின் உங்கள் ஹோமுக்குள் டாட் லோக்கல் கோப்புறையில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் ஓட்டும் டெம்பெஸ்ட் வென்வுக்குள் இருக்கிறது. அதற்கு இதைத் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம் என்ன இறங்கியது என்று பார்த்தீர்களா? பிளகினுக்கு டெம்பெஸ்ட் தேவை. பிப் தேடியிருக்கும், அங்கே காணோம் என்று இன்னொரு டெம்பெஸ்ட்டையே இறக்கியிருக்கும். இப்போது உங்கள் மெஷினில் டெம்பெஸ்ட் இரண்டு. சூடோவும் போட்டிருந்தால் மூன்று!

டிக்கோயாக்காரன்

அக்கா சொன்னது சரி. ஏன் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெம்பெஸ்ட்டில் பிளகின் கோப்புறை என்று ஒன்று கிடையாது. கொண்டுபோய் ஓரிடத்தில் போட்டால் எடுத்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பிளகினும் தன் செட்டப் டாட் சிஎஃப்ஜி கோப்பில் ‘டெம்பெஸ்ட் டாட் டெஸ்ட்_பிளகின்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் தன் பெயரையும் கிளாஸையும் எழுதி வைத்திருக்கும். பிப் ஏற்றும்போது அந்த வரி அந்தப் பைத்தான் சூழலின் பதிவில் ஏறும். டெம்பெஸ்ட் எழும்பும்போது தான் இருக்கும் சூழலின் பதிவை மட்டும் வாசிக்கும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இது செக்ரோல், தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களின் பேர் பதியும் ஏடு. பக்கத்துத் தோட்டத்து செக்ரோலில் பேர் போட்டுவிட்டு இங்கே மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் இந்தக் கணக்கப்பிள்ளைக்கு நீங்கள் ஆளே இல்லை.

செய்ய வேண்டியது: டாட் லோக்கலில் இருப்பதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு வெறும் பிப் வேண்டாம். வென்வின் பைத்தானை முழுப் பாதையோடு கூப்பிட்டு, மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் ஆக்டேவியா-டெம்பெஸ்ட்-பிளகின் என்று கொடுங்கள். ஆக்டிவேட் மறந்தாலும் தப்பாகப் போக வழியில்லை. ஜிப்பும் வேண்டாம், பிபிஆர்_வெர்ஷனும் வேண்டாம். பைப்பியில் (பிப் பேக்கேஜ்களை எடுக்கும் இணையக் களஞ்சியம்) இருக்கும் பேக்கேஜில் பதிப்பு எண் ஏற்கெனவே இருக்கிறது, க்ளோனை விடச் சின்னது, ஏற்கெனவே இறங்கியவற்றை பிப் கேஷிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கூடவே எந்த லைப்ரரிக்கு எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஓபன்ஸ்டாக்கின் அப்பர்-கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பை மைனஸ் சி மூலம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓபன்ஸ்டாக்கின் பொது லைப்ரரிகளான ஆஸ்லோவைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றி, ஓடிக்கொண்டிருப்பதையும் கெடுத்துவிடும்.

பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்யாதீர்கள். முன்பு பல திட்டங்களில் சோதனைகள் சேவையின் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தன. அவற்றைத் தனியாகப் பிரிப்பதை 2018இல் வந்த குவீன்ஸ் வெளியீட்டுக்கான இலக்காக வைத்தார்கள். அதற்கு முந்தைய குறிப்புகள் முழுச் சேவையையும் இறக்கச் சொல்லும். உங்கள் டோங்கிள் தாங்காது.

கொத்மலைத் தண்ணி

சூடோவுக்கு மன்னிக்கவும். இடையில் ஒன்று கேட்கிறேன்: நான் டாக்ஸில் (சோதனைகளைத் தனிச் சூழலில் ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். வென்வில் சரியாகப் போட்டும் பிளகின் சோதனைகள் வருவதில்லையே?

டிக்கோயாக்காரன்

டாக்ஸ் தனக்கென்று ஒரு வென்வை உருவாக்கும். நீங்கள் போட்டது அதற்குள் இல்லை. ‘ஆல்-சைட்-பேக்கேஜஸ்’ என்ற என்விரான்மென்ட் வெளியேயும் பார்க்கும், ஆனால் சிஸ்டம் பைத்தானில் இருப்பதைத்தான், இன்னொரு வென்வில் போட்டதை அல்ல. என்னைக் கேட்டால் டாக்ஸை விட்டுவிட்டு டெம்பெஸ்ட் இனிட் கொடுத்து வொர்க்ஸ்பேஸ் உருவாக்கி, டெம்பெஸ்ட் ரன்னையே பயன்படுத்தலாம். எனக்கு டாக்ஸ் எப்போதும் தலைவலிதான்.

மூடுபனி

பட்டியலில் வந்துவிட்டது! அட்டவணையில் ஒரே ஒரு வரி, அதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பிளேன்டீ போட்டுத் தந்தார்.

ஆனால் ரெஜெக்ஸில் ஆக்டேவியா_டெம்பெஸ்ட்_பிளகின் கொடுத்து ஓட்டினால் எல்லாமே செட்டப் கிளாஸிலேயே விழுகின்றன. ‘லோட்-பேலன்சர்_மெம்பர்’ என்ற ரோல் இல்லையாம்.

ஊவாக் காற்று

இது பிளகின் ஏற்றியதில் வந்த கோளாறு இல்லை. ஆக்டேவியா தனக்கென்று சில ரோல்களை எதிர்பார்க்கும். உங்கள் கீஸ்டோனில் யாரும் உருவாக்கவில்லை போல. அட்மினிடம் சொல்லி உருவாக்கச் சொல்லுங்கள். உங்கள் கிளவுட் வேறு பாலிசியில் ஓடுகிறது என்றால் டெம்பெஸ்ட் டாட் கான்ஃபில் லோட்_பேலன்சர் பகுதியில் ஆர்பேக்_டெஸ்ட்_டைப் மதிப்பை அதற்கேற்ப மாற்ற வேண்டும். எது என்று அட்மினுக்குத்தான் தெரியும், ஊகித்து மாற்றாதீர்கள்.

இன்னொன்று, கன்கரன்சியை (ஒரே நேரத்தில் ஓடும் சோதனைகளின் எண்ணிக்கையை) 2க்குக் குறையுங்கள். ஆம்ஃபோரா டிரைவர் என்றால் ஒவ்வொரு லோட் பேலன்சருக்கும் குறைந்தது ஒரு விஎம் எழும்ப வேண்டும், சின்ன கிளவுடில் டைம்அவுட் ஆகிக்கொண்டே இருக்கும்.

மூடுபனி

கொழும்பு ஆபீஸில் இருக்கும் அட்மின் மத்தியானம் ரோல்களைப் போட்டுக் கொடுத்தார். கன்கரன்சி 2. ஏபிஐ சோதனைகள் பாஸ் ஆக ஆரம்பித்தன. சினாரியோ சோதனைகள் பாதிக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. இதை ஃபோனிலிருந்து எழுதுகிறேன்.

டிக்கோயாக்காரன்

செக்ரோலில் பேர் விழுந்துவிட்டதல்லவா. இன்றைக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.